கம்பத்து ஸ்டேஷனில் என்ன இருக்கிறது? வாசகர் கேள்வி பதில்

போன இதழில், இரட்டைத் தண்டவாளம் வந்த பிறகு கம்பத்து, அதாவது சின்ன ஊர், ரயில் நிலையங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. சினிமா, அரசியல் எல்லாம் அடுத்த இதழில் பார்ப்போம். இன்றைக்கு முழுக்க ரயில்தான்.

அண்ணே, கோலாலம்பூர் பழைய ஸ்டேஷனைப் பாதுகாக்கணும்னு சொன்னா புரியுது. நாலு பலகையும் ஓட்டுக்கூரையுமா இருக்கிற கம்பத்து ஸ்டேஷன்ல அப்படி என்ன இருக்கு?
வாசகர், செந்தூல்

நியாயமான கேள்வி. கோலாலம்பூர் ஸ்டேஷன் 1910இல் திறந்தது. ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. குவிமாடமும் வளைவுமாகப் பார்த்த உடனே மனசில் ஒட்டிக்கொள்ளும். எதிரே இருக்கும் ரயில்வே தலைமையகமும் ஈப்போ ஸ்டேஷனும்கூட அவர் கைவண்ணம்தான். இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இவையெல்லாம் அன்றைய அரசாங்கம் தன் பெருமையைக் காட்டக் கட்டியவை. ரயில் எப்படி ஓடியது, யார் வேலை செய்தார்கள், யார் மூட்டை முடிச்சோடு ஏறினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் சின்ன ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும்.

அப்படி மிச்சமிருக்கும் ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கூரை நடைமேடைப் பக்கம் நன்றாக வெளியே நீண்டிருக்கும், சாரல் எவ்வளவு சாய்ந்து அடித்தாலும் டிக்கெட் ஜன்னல் முன்னால் நிற்பவர் நனைய மாட்டார். சுவர் கூரையைத் தொடுகிற இடத்தில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள், உள்ளே சேருகிற சூடு அந்த வழியாகப் போய்விடும். மின்விசிறி இல்லாத காலத்தில், நம் ஊர் வெயிலையும் மழையையும் தெரிந்த யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பாதை முன்னேற முன்னேற ஏறக்குறைய ஒரே மாதிரி வரைபடத்தை வைத்து அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று கட்டிக்கொண்டே போனதால்தான் ஒரு ஊர் ஸ்டேஷனைப் பார்த்தால் இன்னொரு ஊர் ஞாபகம் வருகிறது.

அப்புறம், ஸ்டேஷன் என்பது அந்த ஒரு கட்டடம் மட்டும் கிடையாது. ஒரு பக்கம் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற இரும்புத் தொட்டி, சரக்குக் கொட்டகை, கைகாட்டியை இழுக்கிற நெம்புகோல்கள், ஸ்டேஷன் மாஸ்டர் வீடு. கொஞ்சம் தள்ளி தண்டவாள வேலைக்காரர்களின் வரிசை வீடுகளான லயம், பல ஊர்களில் அந்த லயத்து மக்கள் வைத்த சின்னக் கோயில். இதெல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றவை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வரக்கூடாது, அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு ஸ்டேஷனிலும் டோக்கன் பெட்டிகள் இருக்கும், கம்பி வழியாக ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு பக்கம் டோக்கனை எடுத்துவிட்டால் அது ஏதாவது ஒரு பெட்டிக்குத் திரும்பி வரும்வரை இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும், இன்னொன்றை எடுக்கவே முடியாது. அந்த டோக்கனைப் பெரிய கம்பி வளையத்தில் மாட்டி, ஸ்டேஷன் மாஸ்டர் நடைமேடை ஓரத்தில் நின்று நீட்ட, ஓட்டுநர் கையை வெளியே விட்டு வாங்கிக்கொண்டு போவார். அது கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன்வரை பாதை அவருடையது. இப்போது இந்தத் தொட்டியை உடைத்து, கைகாட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு, லயத்தை இடித்துவிட்டு, கட்டடத்துக்கு மட்டும் புது பெயின்ட் அடித்து நிறுத்தினால் அங்கே வந்து நிற்கிற பிள்ளைக்கு என்ன புரியும்? ஒரு பழைய மர வீடு என்று நினைத்துக்கொண்டு போகும்.

நீலகிரி மலை ரயிலை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஊட்டி ஸ்டேஷனை மட்டும் தனியாகச் சேர்க்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போகிற 46 கிலோமீட்டர் பாதை, பாலம், குகை, வழியில் இருக்கும் சின்னச் சின்ன ஸ்டேஷன் என்று முழுசாகவே சேர்த்தார்கள். அதுவும் நம் நாட்டுப் பாதை மாதிரியே மீட்டர் கேஜ்தான். நான் கேட்பதும் அந்தப் பார்வையைத்தான்: முழுசாகப் பாருங்கள், முழுசாக வையுங்கள்.

பினாங்குத் தீவுல ரயிலே ஓடினது இல்லை. அப்புறம் ஜார்ஜ்டவுன்ல மணிக்கூண்டு வச்ச அந்தப் பெரிய கட்டடத்தை ஏன் ரயில்வே பில்டிங்னு சொல்றாங்க?
வாசகி, பட்டர்வொர்த்

ரயில் ஓடவில்லை, ஆனால் ரயில் பயணம் அங்கேதான் ஆரம்பித்தது அம்மா. 1907இல் கட்டிய கட்டடம். தண்டவாளம் அக்கரையில் பிறையோடு முடிந்துவிட்டது. தீவில் இருக்கிறவர்கள் இந்தக் கட்டடத்தில் டிக்கெட் எடுத்து, படகேறிக் கடலைத் தாண்டி, அக்கரையில் ரயில் ஏறினார்கள். இப்போது சுங்கத்துறை அங்கே இருப்பதால் விஸ்மா கஸ்தம் என்கிறோம்.

ரயில் பாரம்பரியம் என்றால் தண்டவாளம் போகிற இடத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் இல்லை. தீவில் ஒரு டிக்கெட் அலுவலகம், நடுவே கடல், அக்கரையில் ரயில், மூன்றும் சேர்ந்துதான் ஒரு பயணம். ஜார்ஜ்டவுன் 2008இல் உலகப் பாரம்பரிய நகரமானதில் தீவுப் பக்கத்துக் கட்டடங்களுக்கு ஒரு கவனம் கிடைத்துவிட்டது. அக்கரையில் இருந்த பழைய ரயில் வேலையிடங்களுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். நீங்கள் பட்டர்வொர்த்காரர், அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் தாமானிலேயே இருப்பார்கள். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

ஐயா, விடுமுறையில் கோலா செப்பெத்தாங் போயிருந்தோம். ரயிலே இல்லாத ஊரில் ‘போர்ட் வெல்ட்’ என்று ஒரு ஸ்டேஷன் பலகை நிற்கிறது, அதில் தமிழும் இருக்கிறது. பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள். என்ன சொல்வது?
வாசகி, சுங்கை பட்டாணி

இந்த நாட்டின் ரயில் அங்கேதான் ஆரம்பித்தது என்று சொல்லுங்கள். 1885 ஜூன் 1ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை, சுமார் 13 கிலோமீட்டர். லாருட் பகுதியில் தோண்டி எடுத்த வெள்ளீயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. கோலாலம்பூர் - கிள்ளான் பாதை அடுத்த வருடம், 1886இல்தான் வந்தது. ஊர்ப் பெயர்கூட அப்போதைய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் வெல்ட் பெயரில் வைத்தது, பிறகு கோலா செப்பெத்தாங் ஆனது.

தமிழ் ஏன் என்று கேட்டால், அந்தப் பாதையைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் படையை வரவழைத்தார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு மலாயா ரயில்வேயில் குமாஸ்தா, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். சம்மட்டி பிடித்துத் தண்டவாளம் போட்டவர்களும், கட்டை மாற்றியவர்களும், கல் கொட்டியவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக ரயிலேறியவர்களும் நம் ஆட்கள்தான். ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதுகிற மலாய்), சீனம், தமிழ் என்று நாலு எழுத்திலும் பெயர் எழுதியது அழகுக்காக இல்லை, இறங்க வேண்டிய ஊரில் மக்கள் சரியாக இறங்க வேண்டும் என்பதற்காக.

தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. அந்தப் பலகையும் ஒரு டிக்கெட் கூண்டும்தான் மிச்சம், சுற்றிலும் கடைகள் வந்துவிட்டன, சாப்பிட வருகிறவர்கள் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அந்தப் பலகை விஸ்மா கஸ்தமைவிடப் பெரியது. அரசாங்கம் போட்ட முதல் ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனில் நம் எழுத்து நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. அடுத்த தடவை போகும்போது பிள்ளைகளை அந்தப் பெயரைத் தமிழிலேயே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இடிஎஸ் மின்சார ரயில் வந்ததால இப்ப கோலாலம்பூர்லருந்து பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரம் சொச்சத்துல போயிடறோம். பழைய ஸ்டேஷனை வச்சுக்கிட்டு அழுதிருந்தா இந்த ரயில் வந்திருக்குமா? வளர்ச்சி வேணாமா?
கல்லூரி மாணவர், ஷா ஆலம்

வேண்டும் தம்பி. நானும் அதில்தான் போகிறேன், நல்ல ரயில். ரவாங் - ஈப்போ, அதற்கப்புறம் ஈப்போ - பாடாங் பெசார், இப்போது கெமாஸுக்குத் தெற்கே என்று இரட்டைப் பாதை நீண்டுகொண்டே போனபோது பழைய ஸ்டேஷன்களை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதும் உண்மைதான். புது ரயிலுக்கு நடைமேடை உயரமாக இருக்க வேண்டும், மேலே மின்கம்பி போக இடம் வேண்டும், வேகமாகப் போக வளைவை நேராக்க வேண்டும். தாழ்வான மேடையும் மேலே நீண்ட கூரையும் உள்ள பழைய ஸ்டேஷன் அதற்கு ஒத்துவராது. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

ஆனால் ‘பயன்படுத்த முடியாது’ என்பதிலிருந்து ‘இடித்தாக வேண்டும்’ என்று ஒரே தாவாகத் தாவுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கோலாகங்சார் பக்கம் கராயில் விக்டோரியா பாலம் இருக்கிறது, 1900இல் பேராக் ஆற்றின் மேல் கட்டி முடித்தது. செங்கல் தூண், மேலே இரும்புச் சட்டம். 2002இல் பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் கட்டி ரயிலை அதில் விட்டார்கள், பழையதை அப்படியே விட்டுவைத்தார்கள். இன்றைக்கு மக்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள், கல்யாண ஜோடிகள் படம் எடுக்கிறார்கள், பக்கத்துப் பாலத்தில் ரயிலும் ஓடுகிறது. யாருடைய வளர்ச்சியும் நிற்கவில்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள், நிலத்துக்கு அவ்வளவு விலை உள்ள ஊர். தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி போனது, அதற்கு முன்பே அதைத் தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். பெரிய கட்டடம், சரி. ஆனால் நான் பாராட்டுவது புக்கிட் தீமாவைத்தான். சின்ன ஸ்டேஷன், பாதை மூடும்வரை டோக்கன் வளையம் கைமாறிய இடம். அதை இடிக்காமல், பக்கத்து இரும்புப் பாலத்தோடும் ஊழியர் குடியிருப்போடும் சேர்த்துச் சீர்செய்து 2022இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், தண்டவாளம் போன தடம் இப்போது 24 கிலோமீட்டர் நடைபாதை. இவ்வளவும் நம் மலாயா ரயில்வேயின் சொத்தாக இருந்தவைதான் தம்பி. நம் பக்கத்தில் அதே மாதிரி ஸ்டேஷன்கள் எத்தனையோ இருந்தன.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய மர ஸ்டேஷனைப் பிரித்து வேறு எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்பார்கள். இடிப்பதற்கு அது எவ்வளவோ மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதையும் இல்லாமல் ஊரும் இல்லாமல் ஒரு பூங்காவில் நிற்கிற ஸ்டேஷனுக்குப் பாதி உயிர்தான். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டும், முதல் யோசனையாக வரக்கூடாது.

எங்க அப்பா ரயில்வேயில சிக்னல் வேலை பார்த்தவர். அவர் வச்சிருந்த கை விளக்கு, சட்டைப் பொத்தான், சில பழைய படம், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு பெட்டியில இருக்கு. வீட்டுல தூக்கிப் போடச் சொல்றாங்க. என்ன செய்யலாம்?
வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்தவுடனே முதலில் உங்களுக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

விளக்கைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். மேலே இருக்கிற கறையும் பெயின்டும் அது எத்தனை காலம் வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. உள்ளே சிவப்பு, பச்சைக் கண்ணாடி இருந்தால் உடையாமல் துணி சுற்றி வையுங்கள், பழைய மண்ணெண்ணெய் இருந்தால் வடித்துவிடுங்கள், அவ்வளவு போதும். பொத்தானில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். எஃப்எம்எஸ்ஆர் என்று இருந்தால் அது ஐக்கிய மலாய் மாநில ரயில்வே காலத்தது, போருக்கு முந்தியதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அப்பாவுக்கு முன்னால் தாத்தாவே வேலையில் இருந்தாரா என்று வீட்டில் விசாரியுங்கள். காகிதங்களுக்கு லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். இரண்டும் நாள்பட நாள்படக் காகிதத்தைத் தின்றுவிடும்.

படங்களில் இருப்பவர்கள் பெயர், எந்த ஸ்டேஷன், ஏறக்குறைய எந்த வருடம் என்று தெரிந்த வரைக்கும் பின்பக்கம் மெதுவாகப் பென்சிலால் எழுதுங்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம். பெயர் இல்லாத படத்தை நம் பேரப்பிள்ளைகள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பாவோடு வேலை பார்த்த யாராவது இருந்தால் கைப்பேசியில் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள், நெம்புகோலை எப்படி இழுப்பார்கள், ராத்திரி ஷிப்டில் என்ன சாப்பிடுவார்கள், குவார்ட்டர்ஸில் யார் யார் பக்கத்து வீடு என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பெரிய கேள்வி கேட்டால் பெரியவர்கள் ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல’ என்று முடித்துவிடுவார்கள்.

மூலத்தைக் கொடுப்பதாக இருந்தால் தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவிடம் கேளுங்கள், தனியார் வீட்டு ஆவணங்களையும் அவர்கள் வாங்கிப் பாதுகாப்பது உண்டு. கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தில் ரசீது வாங்குங்கள். ஒரு தடவை நான் அறிந்த ஒரு குடும்பம் கண்காட்சி நடத்திய ஒரு இடத்துக்குப் பழைய சீருடையைக் கொடுத்துவிட்டு, அது எங்கே போனது என்றே தெரியாமல் அலைந்தது. ரசீது இருந்திருந்தால் அந்தக் கஷ்டம் இல்லை.

செந்தூலையும் பிரிக்பீல்ட்ஸையும் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள், போர்க் காலத்தில் 1945இல் நேச நாட்டு விமானங்கள் அதைக் குறிவைத்துக் குண்டு போட்டன என்றால் அது எவ்வளவு முக்கியமான இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறை பிறகு பத்து காஜாவுக்குப் போய்விட்டது. அங்கே வேலை பார்த்த தலைமுறை இப்போது எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் பெட்டி மாதிரி எத்தனை பெட்டி எத்தனை வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதோ. தனி இதழே போடலாம், போடுவோம்.

ஒரு பழைய ஸ்டேஷனைப் பாரம்பரியச் சின்னமா அறிவிக்கச் சொல்லி சாதாரண ஆளுங்க கேட்க முடியுமா? யார்கிட்ட போகணும்?
வாசகர், தைப்பிங்

முடியும். 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது, 645ஆவது சட்டம். அதன்படி யார் வேண்டுமானாலும் பரிந்துரை செய்யலாம், அதற்குப் படித்த நிபுணராக இருக்க வேண்டியதில்லை. தேசியப் பாரம்பரியத் துறையான ஜபாத்தான் வாரிசான் நெகாராவுக்கு எழுத வேண்டும். ஆனால் எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் நடக்காது, ஏனென்றால் ரயில் விஷயத்தில் பல பேர் கை இருக்கிறது. ரயில் ஓட்டுவது கேடிஎம் என்கிற ரயில் நிறுவனம், நிலமும் கட்டடமும் பெரும்பாலும் ரயில்வே சொத்து வாரியமான பெர்பாடானான் அசெட் கெரெத்தாப்பியிடம். அப்புறம் மாநிலத்துக்குள் இருக்கிற இடம் என்றால் மாநில அரசின் சம்மதம் வேண்டும், நகராண்மைக் கழகத்தின் திட்டத்திலும் அது வர வேண்டும். ஒரு இடத்துக்கு எழுதினால் இன்னொரு இடத்தைக் கையைக் காட்டுவார்கள். அதனால் ஒரே கடிதத்தை எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள், யாருக்கெல்லாம் அனுப்பினோம் என்று கீழே எழுதுங்கள்.

கடிதத்தில் ‘அழகான பழைய கட்டடம்’ என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. எந்த வருடம் கட்டியது, யார் பயன்படுத்தினார்கள், சுற்றி வேறு என்னென்ன மிச்சம் இருக்கிறது, எது கடைசியாக மிஞ்சிய ஒன்று என்று எழுதுங்கள். தொட்டி, கைகாட்டி, எடை மேடை, பெயர்ப்பலகை, ஊழியர் வீடு என ஒவ்வொன்றையும் படம் எடுத்துச் சேருங்கள். மலாய், சீன அண்டை வீட்டுக்காரர்கள் கையெழுத்தும் இருக்கட்டும், ஸ்டேஷன் எல்லாருக்கும் பொதுவானது. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தை நினைத்துப் பாருங்கள், 1904இல் கட்டியது, 2014இல் அந்த இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்றபோது மக்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது, பாரம்பரியச் சின்னமாக அறிவிப்பும் வந்தது. இடிக்கிற இயந்திரம் வந்து நிற்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தால் இன்னும் சுலபம்.

பழைய ஸ்டேஷனைக் காபிக்கடையாக்குவது சரியா?
வாசகர், பூச்சோங்

சரிதான், சுவரை உடைக்காமல் செய்தால். பூட்டிக் கிடக்கிற மரக் கட்டடத்தைக் கறையான் தின்றுவிடும், ஆள் புழக்கம் இருந்தால்தான் ஓடு மாற்றுவார்கள். குளுவாங்கில் 1938 முதல் ரயில் நிலையக் கோப்பிக்கடை இருக்கிறது, கோப்பிக்காகவே ஊருக்கு வந்து போகிறவர்கள் உண்டு. செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தின் செங்கல் சுவரை வைத்துக்கொண்டே 2005இல் கலையரங்கம் கட்டினார்கள், நம் ஆட்கள் பலர் அங்கே நாடகம் பார்த்திருப்பீர்கள். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு அங்கே மெனு பலகை மாட்டாதீர்கள்.

பினாங்குக் கொடிமலை ரயில்ல சின்ன வயசுல நடுவுல இறங்கி மாறிப் போவோம். இப்ப நேரா மேலே போயிடுது. அந்தப் பழைய ரயிலையும் பாரம்பரியம்னு வச்சிருக்கலாமே?
வாசகி, ஆயர் ஈத்தாம்

வைத்திருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். 1923இல் ஓட ஆரம்பித்த பாதை, இரண்டு பகுதியாக இருந்ததால் நடு ஸ்டேஷனில் மாறித்தான் போக வேண்டும். ஒரு பெட்டி இறங்கும்போது இன்னொன்று ஏறும், கம்பி வடம் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். வழியில் கிளேர்மான்ட், வையாடக்ட் என்று சின்ன நிறுத்தங்கள், மலைவாசிகள் காய்கறிக் கூடையோடு ஏறி இறங்குவார்கள். 2010இல் பழையதை நிறுத்தி 2011இல் நேராகப் போகிற புது ரயிலை விட்டார்கள். கூட்டத்தைப் பார்த்தால் வேறு வழி இல்லை என்று சொல்லலாம், பழையது அடிக்கடி பழுதானதும் எல்லாருக்கும் தெரியும். பழைய பெட்டிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அது நல்ல வேலை. ஆனால் நடு ஸ்டேஷனில் இறங்கி, குளிர் காற்றில் நின்று, எதிரே பெட்டி வருவதைப் பார்த்த அனுபவத்தைப் பெட்டியை மட்டும் வைத்துத் திருப்பித் தர முடியாது. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும், எழுதி அனுப்புங்கள். பக்கம் ஒதுக்குகிறேன்.

கிழக்குக்கரைப் பாதையில் இன்னும் பழைய மாதிரியே ரயில் ஓடுகிறதாமே, போய்ப் பார்க்கலாமா?
வாசகர், ரவாங்

போங்கள், கட்டாயம் போங்கள். கெமாஸிலிருந்து தும்பாட் வரை போகிற பாதை 1931இல் முழுமையானது. இன்னும் மின்சாரம் போகவில்லை, டீசல்தான், ஒற்றைத் தண்டவாளம்தான், குவா மூசாங்குக்கு மேலே காட்டுக்குள் சின்னச் சின்ன நிறுத்தங்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். கிளந்தானில் கிள்ளமார்ட் பாலம் இருக்கிறது, நாட்டின் மிக நீளமான பழைய ரயில் பாலம், சுமார் 600 மீட்டர். 1941இல் ஜப்பானியர் முன்னேறுவதைத் தடுக்க பிரிட்டிஷாரே அதன் ஒரு பகுதியைத் தகர்த்தார்கள். பிறகு ஜப்பானியர் இந்தப் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்துச் போர்க் காலத்தில் அவர்கள் போட்ட சயாம் - பர்மா மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே சயாமுக்குத்தான் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் கொண்டுபோனார்கள், திரும்பி வராதவர்கள் எத்தனையோ. இந்தப் பாதையில் போகும்போது எனக்கு ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, பேச்சும் வராது.

2014 டிசம்பர் வெள்ளத்தில் கெமுபு ரயில் பாலம் அடித்துக்கொண்டு போனது, திரும்பக் கட்டினார்கள். அதை விட்டுவிடாமல் கட்டியது பெரிய விஷயம். ஓடுகிற பாதைதான் நன்றாகப் பாதுகாத்த பாதை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் பார்க்கிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள் ஐயா.
வாசகி, கிள்ளான்

காலை இடிஎஸ்ஸில் கோலாகங்சாரில் இறங்குங்கள். வாடகைக் கார் பிடித்து கராய் போய் விக்டோரியா பாலத்தில் ஒரு முறை நடந்து அக்கரை போய்த் திரும்புங்கள், செங்கல் தூண்களைக் கீழிருந்தும் பாருங்கள். அடுத்து தைப்பிங், மதியச் சாப்பாடு அங்கே. சாயங்காலம் கோலா செப்பெத்தாங், பலகையும் டிக்கெட் கூண்டும் பார்த்துவிட்டு நேரம் இருந்தால் கரி சூளைக்கும் போகலாம். திரும்பி வர ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், விடுமுறையில் சீட் சீக்கிரம் முடிந்துவிடும். கராய் பாலத்தில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.